பழைய படங்களைச் சாட்சிக்கு அழைக்கும் முன்

கல்முனை முதல் பொத்துவில் வரை ஊர் வரலாறு எழுதும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களோடு வேலி அடுத்து வாழும் பாண்டிருப்பு, காரைதீவுப் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள்; உங்களுக்கு என் வணக்கம்.

பாடசாலை ஆண்டு மலர், பள்ளிவாசல் சிறப்பு மலர், விளையாட்டுக் கழகத்தின் பொன்விழா மலர் என்று எங்கள் கரையில் வெளிவரும் நூல்களில் ஊர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள்தான். அதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. மூத்தவர்கள் வாயோடு வாயாகச் சொல்லிவந்ததை நீங்கள் எழுத்தில் வைக்கிறீர்கள். ஆனால் அந்த மலர்களில் ஒரு பழக்கம் மெல்ல வேரூன்றி வருகிறது. அதைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேசவே இந்த மடல்.

பழைய ஐரோப்பிய நூல்களில் வந்த செதுக்குப் படம் ஒன்றை இணையத்திலிருந்து எடுக்கிறோம். தலைப்பாகை கட்டிய ஆண்கள், இடுப்பில் வாள், பின்னால் பாய்க்கப்பல், ஓரத்தில் ஒரு தென்னை. அதன் கீழே “போர்த்துக்கேயர் காலத்தில் எமது முன்னோர்” என்று எழுதிவிடுகிறோம். யார் வரைந்தது, எந்த நூல், எந்த ஆண்டு என்று ஒரு வரியும் இருப்பதில்லை. அடுத்த ஊர் மலர் அதை அப்படியே எடுத்துப் போடுகிறது. மூன்றாவது மலருக்கு வரும்போது அந்தப் படமே ஆதாரமாகி, அதைப் பார்த்து முன்னோரின் உடையும் போரும் வாணிபமும் எழுதப்படுகின்றன.

பழைய படங்களுக்கான இந்தப் பசி ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடும் வீடுகளோடும் உறுதிப் பத்திரங்களும் திருமணப் படங்களும் கையெழுத்துக் கொப்பிகளும் போயின. இருந்ததை இழந்தவர்களுக்கு ஒரு பழைய படம் கிடைத்தால் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் பொய்ப் படத்தால் அது நிரப்பப்படுவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

படத்தைப் பார்த்து ஊகிப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வரலாறு ஊகத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் படம் ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. எப்படி விசாரிப்பது என்பதற்கு எங்கள் கரையோடு தொடர்புள்ள படத்திலிருந்தே தொடங்குவோம்.

1602 மே மாத முடிவில் ஒல்லாந்துத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரைக்கு வந்து சேர்ந்தார். செம்மறிக் கடா, செம்மறி, செம்மறிக் குட்டி என்று பொருள்படும் பெயர்கள் கொண்ட மூன்று கப்பல்களோடு முந்திய ஆண்டு புறப்பட்டவர் அவர். மட்டக்களப்பு என்றதும் இன்றைய புளியந்தீவு நகரத்தை மட்டும் நினைத்துவிடாதீர்கள். அங்கே போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதே 1628இல்தான். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் எங்கள் ஊர்களெல்லாம் மட்டக்களப்போடு சேர்ந்தவையே. கரையிறங்கிய ஸ்பில்பெர்கன் மலையேறிக் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். அவருடைய பயணக் குறிப்பு 1605இல் ஒல்லாந்தில் படங்களோடு அச்சானது. மன்னரும் தளபதியும் கைபிடித்து நிற்கும் அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இப்போது தலைப்பை மறைத்துவிட்டு அந்தப் படத்தைப் பாருங்கள். என்ன ஊகிப்பீர்கள்? இரண்டு நாட்டார் நட்புக் கொள்கிறார்கள் என்பீர்கள். ஊகம் சரிதான். போர்த்துக்கேயரை விரட்ட மன்னருக்குத் துணை வேண்டியிருந்தது; ஒல்லாந்தருக்குக் கறுவா வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, அதே ஒல்லாந்தரின் இன்னொரு தளபதி செபால்ட் டி வேர்ட், மட்டக்களப்புப் பகுதியில் மன்னரோடு பிணங்கி, மன்னரின் ஆட்களால் கொல்லப்பட்டார். அவரோடு கரையிறங்கியவர்களில் பலரும் மாண்டார்கள். பிடித்த போர்த்துக்கேயரை அவர் மன்னரிடம் ஒப்படைக்காமல் விடுவித்தது அந்தப் பிணக்குக்கு முக்கிய காரணம். கைபிடித்து நிற்கும் படத்தை மட்டும் வைத்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை எழுதுகிறவர் நட்பை எழுதுவார். இரத்தம் அவர் கண்ணில் படாது. படம் ஒரு நொடியைத்தான் காட்டும். முன்னும் பின்னும் நடந்ததை எழுத்தில் தேட வேண்டும்.

உடைக்கு வருவோம். இத்தகைய படங்களில் கண்டி அரச குடும்பத்தின் உடையில் ஐரோப்பியச் சாயல் தெரிந்தால், “ஐரோப்பாவில் இருந்து வரைந்தவன் தன் ஊர் உடையை மாட்டிவிட்டான்” என்று உடனே சொல்லத் தோன்றும். பல படங்களுக்கு அது பொருந்தும். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். விமலதர்மசூரிய, கொனப்பு பண்டாரவாக இருந்த காலத்தில் கோவாவில் போர்த்துக்கேயரோடு இருந்தவர். அவர்கள் வைத்த பெயரையும் தாங்கியவர். அரசி டோனா கத்தரீனா மன்னாரில் போர்த்துக்கேயரிடம் வளர்ந்தவர். அரசியும் பிள்ளைகளும் ஐரோப்பிய முறையில் உடுத்தியிருந்ததாக ஸ்பில்பெர்கனின் குறிப்பே சொல்கிறது. எனவே கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் பிழை, கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதும் பிழை. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

விசாரணையின் முதல் கேள்வி: வரைந்தவர் அங்கே இருந்தாரா? அந்தக் காலத்தில் கீழைத்தேசப் படங்களை ஐரோப்பா எங்கும் பரப்பியவர்கள் பிராங்பேர்ட் நகரின் டி பிரை குடும்பத்தார். தந்தை தியோடர் 1598இல் இறந்தார். மகன்மார் இருவரும் தொடர்ந்து நடத்திய கீழைத்தேசப் பயணத் தொகுப்பு 1628 வரை வெளிவந்தது. ஸ்பில்பெர்கனின் பயணமும் அதில் இடம்பெற்றது. அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட ஆசியாவுக்கு வந்ததில்லை. பயணிகளின் எழுத்தை வாசித்தும், பிறர் நூல்களில் இருந்த படங்களைப் பார்த்தும் செதுக்கினார்கள். அவர்கள் அதிகம் எடுத்தாண்ட மூலங்களில் ஒன்று லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர் 1596இல் வெளியிட்ட நூல். அவர் 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் பேராயரின் செயலாளராக இருந்தவர். அவருடைய படங்களில் இருப்பவர்களில் பலர் கோவாவிலும் மலபார்க் கரையிலும் வாழ்ந்த மக்கள். அங்கிருந்த முஸ்லிம்களும் அதில் அடக்கம். கண்ணனூர்க் கரை மனிதரை எடுத்து நிந்தவூர்க் கரையில் நிறுத்தினால் அது வரலாறு ஆகாது. இரு கரைக்கும் உறவு இருந்தது உண்மை. அந்த உறவை வேறு சான்றுகளால் நிறுவ வேண்டும்.

பார்க்காமல் வரைந்த படம் எவ்வளவு காலம் உயிர் வாழும் என்பதற்கு ஒரு பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. குஜராத் சுல்தான் போர்த்துக்கேய ஆளுநர் அல்புகெர்க்குக்குக் கொடுத்த ஒரு காண்டாமிருகம் 1515 மே மாதம் லிஸ்பன் போய் இறங்கியது. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் இருந்த ஓவியர் டியூரர் அந்த விலங்கைக் காணவே இல்லை. யாரோ அனுப்பிய விவரத்தையும் கோட்டுப்படத்தையும் வைத்து மரக்கட்டையில் வரைந்தார். முதுகில் இல்லாத ஒரு சிறு கொம்பு முளைத்தது. தோல் இரும்புக் கவசத்தின் தகடுகளாக மாறியது. உயிருள்ள விலங்கைப் பலர் கண்ட பிறகும்கூட, 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய நூல்கள் அந்தக் கொம்பையே பிரதி எடுத்துக்கொண்டிருந்தன. அதே நூரம்பெர்க்கில் 1493இல் வந்த உலக வரலாற்று நூல் ஒன்றில் 1800க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றை அச்சிட்ட மரக்கட்டைகளோ 645தான். ஒரே கட்டை ஒரு பக்கத்தில் ஒரு நகரமாகவும் இன்னொரு பக்கத்தில் வேறொரு நகரமாகவும், ஒரே முகம் பல அரசர்களாகவும் வந்துபோகும். அச்சகத்தார் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. “இங்கே ஒரு நகரம், இங்கே ஓர் அரசர்” என்று காட்டுவது மட்டுமே அவர்கள் நோக்கம். அதை நேரில் கண்ட காட்சியாக எடுத்துக்கொண்டால் குற்றம் எங்கள் மேல்தான்.

இரண்டாவது கேள்வி: படம் எப்படிச் செய்யப்பட்டது? செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கீறி, கோட்டுக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து அழுத்துவார்கள். தகட்டில் இடப்பக்கம் இருந்தது தாளில் வலப்பக்கம் வந்து நிற்கும். தேர்ந்த கலைஞர் முதலிலேயே மாற்றிக் கீறுவார். அச்சில் வந்த படத்தைப் பார்த்து அவசரமாகப் பிரதி எடுக்கிறவர் அப்படியே கீறிவிடுவார். படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். முஸ்லிம் வீட்டு விருந்து என்று சொல்லும் படத்தில் எல்லோரும் இடக்கையால் சாப்பிட்டால் சந்தேகப்படுங்கள். படை முழுவதும் இடக்கையில் வாள் பிடித்தால் சந்தேகப்படுங்கள். எங்கள் கரையில் வடக்கே பார்த்து நின்றால் கடல் வலப்பக்கம், வயலும் களப்பும் இடப்பக்கம். வடக்கு நோக்கிய காட்சி என்று சொல்லும் படத்தில் கடல் இடப்பக்கம் இருந்தால், ஒன்றில் படம் திரும்பியிருக்கிறது, அல்லது அது வேறு கரை.

மலையைப் பார்த்ததும் “எங்கள் கரையில் மலை ஏது?” என்று தள்ளிவிடவும் வேண்டாம். மாலுமிகளுக்கு மட்டமான மணற்கரை தூரத்தில் தெரியாது. உள்நாட்டு மலைகளை வைத்தே கரையை அடையாளம் கண்டார்கள். கோவிந்த ஹெல மலைக்கு ஆங்கிலேயர் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று பெயர் வைத்தது அதன் உருவத்தைப் பார்த்துத்தான். கப்பலிலிருந்து வரைந்தவர் உள்ளே தூரத்தில் நிற்கும் மலையைக் கரைக்கு மேலே வைத்திருக்கலாம். ஆகவே, வரைந்தவர் எங்கே நின்றார் என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி: படமும் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா? இதற்கு ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸின் நூலைப் போல நல்ல பயிற்சி வேறில்லை. 1660இல் கொட்டியாரத்தில் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் நூலை வெளியிட்டவர் அவர். தாளிப்பனை ஓலை ஒன்று பதினைந்து இருபது பேரை மூடும் என்று எழுதுகிறார். மனிதர் ஒருவர் அந்த ஓலையைத் தலைக்கு மேல் பிடித்து நிற்கும் படமும் நூலில் உண்டு. குற்றவாளியை யானை கொல்லும் படம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. ஆனால் தந்தத்தில் மூன்று விளிம்புள்ள கூரிய இரும்பை மாட்டுவார்கள் என்ற எழுத்தைப் படித்தவர்கள் மிகச் சிலரே. பக்கத்தில் பக்கம் வைத்து, எழுத்தில் இருப்பது படத்தில் உண்டா, படத்தில் இருப்பது எழுத்தில் உண்டா என்று வரிவரியாக ஒப்பிடுங்கள்.

அதே நூலில் உழவு, வயல் மட்டப்படுத்தல், மாடு விட்டு நெல் மிதித்தல் ஆகியவற்றின் படங்களும் உள்ளன. இவற்றைச் சரிபார்க்கப் பேராசிரியரைத் தேடிப் போக வேண்டாம். சம்மாந்துறையிலும் இறக்காமத்திலும் இயந்திரம் வருமுன் சூடடித்த போடிமார் இன்னும் இருக்கிறார்கள். படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாடுகளை எப்படிப் பிணைப்பது, எந்தப் பக்கமாகச் சுற்ற விடுவது, கலப்பையின் மேழியை எந்தக் கையால் பிடிப்பது என்று கேளுங்கள். நொக்ஸ் கண்டது மலைநாட்டு வயல். எங்கள் வட்டையில் வேறு விதம் இருக்கலாம். அந்த வேறுபாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். தோணியும் வலையும் உள்ள படமென்றால் கரைவலைக்காரர்களிடம் போங்கள். அந்த ஓடம் எங்கள் அலையில் இறங்குமா என்று அவர்கள் ஒரு பார்வையில் சொல்வார்கள். எங்கள் ஊர் அறிவு, இந்த விசாரணையில் எங்களிடம் உள்ள பெரிய பலம்.

நொக்ஸின் நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கண்டியில் முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஒன்று இருந்ததையும், முந்திய அரசர் ஒருவர் அளித்த சலுகையால் காணியுள்ள மக்கள் அதற்கு ஒரு சிறு தொகை கொடுத்துவந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். இலங்கை முஸ்லிம் வரலாற்றுக்கு அந்த வரி பொன்னுக்குச் சமம். எங்கள் மலர்களிலோ யானைப் படம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. படத்தின் பின்னால் ஓடுகிறவர்கள் அந்த வரியைத் தவறவிடுகிறோம்.

1626ஆம் ஆண்டுக்கு வருகிறேன். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியமர்த்தினார் என்பது எங்கள் ஊர் வரலாறுகள் எல்லாம் சொல்லும் செய்தி. மட்டக்களப்பில் குடியமர்ந்தோர் 4000 பேர் என்ற எண்ணிக்கை, கோவாவில் இருந்த குவேரோஸ் பாதிரியாரின் நூல் வழியாக வருகிறது. அவர் அதை எழுதி முடித்தது 1687இல். அவரும் இலங்கைக்கு வந்தவர் அல்லர். எழுத்தையே இத்தனை கவனத்தோடு கையாள வேண்டியிருக்கிறது. அந்தக் குடியேற்றத்தை நேரில் கண்டு வரைந்த படம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் “1626 குடியேற்றம்” என்ற தலைப்போடு படங்கள் வருகின்றன. படம் இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. படம் இல்லாததால் நடந்த நிகழ்வு நடக்காததாகிவிடாது.

பிற்காலத்தில் வரைந்ததை அக்காலத்தது என்று கொள்வதும் இதே வகைப் பிழைதான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டு சாமூதிரியின் முன் நிற்கும் புகழ்பெற்ற ஓவியத்தைப் போர்த்துக்கேய ஓவியர் வெலோசோ சல்காடோ தீட்டியது 1898இல். நிகழ்வு நடந்தது 1498இல். சரியாக 400 ஆண்டு இடைவெளி. அந்த ஓவியம் 1498ஐப் பற்றிச் சொல்வது கொஞ்சம். தன் பழம்பெருமையைக் கொண்டாட விரும்பிய 1898ஆம் ஆண்டுப் போர்த்துக்கலைப் பற்றிச் சொல்வதே அதிகம். எங்கள் பக்கத்திலும் பாருங்கள். 1638இல் ஒல்லாந்தரும் கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததை விரிவாக எழுதிய ஒல்லாந்துப் பாதிரியார் பல்டேயஸ், அப்போது சிறுவன். யாழ்ப்பாணத்தில் பணிசெய்து ஊர் திரும்பிய பிறகு அவருடைய நூல் அச்சானது 1672இல். அவர் நூல் பெறுமதியானது. ஆனால் 1638ஐப் பொறுத்தவரை அவர் கேட்டறிந்தவர், கண்டவர் அல்லர்.

இப்போது புதிதாக ஒரு கேடு வந்திருக்கிறது. கணினிக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், 17ஆம் நூற்றாண்டுச் செதுக்குப் படம் போலவே, மங்கிய தாளும் கீறல் கோடுமாக ஒரு படத்தைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் செய்து தருகிறது. அதை ஒருவர் விளையாட்டாகப் பகிர்வார். அடுத்த ஆண்டு அது ஒரு மலரின் அட்டையில் இருக்கும். டியூரரின் கொம்பு பரவ அச்சகங்கள் தேவைப்பட்டன. இதற்கு ஒரு வட்ஸ்அப் குழு போதும். எங்கள் வரலாறு ஏற்கெனவே பலரால் ஐயத்தோடு பார்க்கப்படுவது. ஒரு பொய்ப் படம் பிடிபட்டால், அதே நூலில் இருக்கும் பத்து உண்மைகளையும் சேர்த்துத் தள்ளிவிட ஆட்கள் காத்திருக்கிறார்கள். நான் கவலைப்படுவது இதற்காகவே.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். எந்தப் பழைய படத்தைப் போட்டாலும் அதன் கீழே வரைந்தவர் அல்லது செதுக்கியவர், நூல், ஆண்டு, அச்சான ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாவிட்டால் “மூலம் தெரியவில்லை” என்று எழுதுங்கள். அதைவிட நல்லது, அந்தப் படத்தைப் போடாமல் விடுவது. கைத்தொலைபேசியிலேயே படத்தைக் கொடுத்து முதற்பதிப்பைத் தேட முடியும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் பழைய அச்சுப் படங்களைப் பெருமளவில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கண்டது, கேட்டது, ஊகித்தது என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். உங்கள் ஊர் ஓவியரை வைத்துப் பழைய நிகழ்வைப் புதிதாக வரைவிக்க விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். அடியில் ஓவியரின் பெயரையும் “கற்பனை ஓவியம்” என்ற சொல்லையும் ஆண்டையும் போடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். வரலாற்றுப் பாடத்தில் ஒரு வேளையை இதற்கு ஒதுக்குங்கள். தலைப்பை மறைத்த படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, என்ன நடக்கிறது என்று ஊகிக்கச் சொல்லுங்கள். எதைப் பார்த்து அப்படி நினைத்தாய் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பிறகு எழுத்தைக் கொடுத்து, ஊகத்தில் எது நின்றது, எது விழுந்தது என்று அவர்களே குறிக்கட்டும். மனப்பாடத்தால் வராத கூர்மை இந்தப் பழக்கத்தால் வரும்.

கடைசியாக, தூரத்துப் படத்தைத் தேடும் அதே கண்ணால் வீட்டுக்குள்ளும் தேடுங்கள். மூத்தம்மாவின் பெட்டியில் இருக்கும் திருமணப் படம், மருதமுனைத் தறிக்கூடத்தில் யாரோ எடுத்த படம், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றப் படம், பள்ளிவாசல் மரைக்காயர்மாரின் பெயர்ப் பட்டியல், காணி உறுதி இவையெல்லாம் கண்டவர் கையால் வந்தவை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்து, அங்கு வாழும் இரு சமூகத்தையும் படம் பிடித்து எழுதியது இன்று உலகம் படிக்கும் சான்றாக இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவரால் முடிந்தது எங்களால் முடியாதா? ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் ஆளின் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். வீட்டாரின் சம்மதத்தோடு நகல் எடுத்துப் பாடசாலை நூலகத்திலும் நூலகம் எண்ணிம நூலகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சேர்க்க வழி பாருங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அடுத்த மலருக்குப் பொருள் சேர்க்கும் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இதை எடுங்கள்: மூலம் எழுதாத படம் எங்கள் மலரில் வராது.

வஸ்ஸலாம்.

உங்கள் நலம் நாடும்
கல்முனை ஊரவன் ஒருவன்